திரைப்படப் பட்டப்படிப்பு: ஆய்வா, தயாரிப்பா?

படங்களை அலசும் ஆய்வுப் படிப்பில் ஐந்து நிமிடக் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நீளம், கோணம், ஒலியை அட்டவணையிட்ட பிறகுதான் கட்டுரை. வெறும் கதைச்சுருக்கம் எழுதினால் மதிப்பெண் போய்விடும். பலரும் சறுக்குவது அங்கேதான்.

படம் எடுக்கக் கற்றுத்தரும் தயாரிப்புப் படிப்பு நொடிக்கு 24 ஃபிரேம் (அசையாப் படம்), ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று தொடங்கும். மாணவர் படங்களைப் பெரும்பாலும் கெடுப்பது ஒலி. மைக்கை கேமரா மேலேயே விட்டால் வசனம் எதிரொலியோடு எங்கோ தூரத்தில் கேட்கும். பூம் மைக்கை, அதாவது நீண்ட கம்பின் நுனியில் மாட்டிய மைக்கை, கேமராவில் தெரியும் பரப்புக்குச் சற்று வெளியே, பேசுபவரின் வாயை நோக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 30 நொடியாவது ஆள் பேசாத அறையொலியைப் பதியுங்கள். இல்லையேல் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும்.

விமர்சனம், ஆவணக் காப்பகம், கற்பித்தல் என்றால் முதலாவது நல்லது. செட்டில் வேலை செய்ய ஆசையா? இரண்டாவதுதான். ஆனால் சேருமுன், ஒரு கேமராவை எத்தனை மாணவர் பகிர்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.