பிஎஸ்என்எல், தனியார் ஃபைபர், ஏர்ஃபைபர்: அறுந்த ஒயரை யார் ஒட்டுவார்?

வீட்டு இணையத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது வேகமும் விலையும்தான். இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் மூன்றும் வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் பெரும்பாலும் ஒரே ஜிபான் (GPON) முறை, அதாவது ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வது. கம்பெனி பக்கத்து ஒரு போர்ட்டில் இறங்கும் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. தொடக்க பிளான்கள் மாதம் 400 முதல் 600 ரூபாய்க்குள், 30 முதல் 60 எம்பிபிஎஸ். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எச்டி வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். அதனால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். ஓடிடி சேர்த்த பிளானில், அந்த ஓடிடியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.

வேகமும் விலையும் இவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு, மாவட்டத் தலைநகரிலோ அதைவிடச் சின்ன ஊரிலோ இருப்பவர்களுக்கு நான் சொல்வது உள்ளூர் பங்குதாரர் வழியாக வரும் பிஎஸ்என்எல் ஃபைபர். காரணம் ஒன்றே ஒன்று: பழுது.

நம் ஊர்களில் டிராப் கேபிள் (தெருப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர்) பெரும்பாலும் மண்ணுக்கடியில் வருவதில்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. அணில் கடிக்கும். இபிகாரர்கள் கிளை கழிக்கும்போது அரிவாள் பட்டுப் போகும். வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். தேரோடும் வீதிகளில் தேரோட்டத்துக்கு முன் குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்த்தாக வேண்டும். திரும்பக் கட்டும்போது சில சேதமாகும். ஆகவே அறுபடும் என்பதை உறுதியாக எடுத்துக்கொண்டு, அறுந்தால் யார், எதை வைத்து ஒட்டுவார் என்றுதான் கேட்க வேண்டும்.

எதை வைத்து என்பது ஏன் முக்கியம் என்றால், ஃபைபரில் டேட்டாவைச் சுமந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு பட்ஜெட் உண்டு. அதை டிபிஎம்மில் அளப்பார்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. வழியில் போகும் இழப்புக்கு டிபி கணக்கு. ஓஎல்டியிலிருந்து (வெளிச்சத்தை அனுப்பும் கம்பெனி பக்கத்து மெஷின்) சுமார் +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வையுங்கள். 32 வீடுகளுக்குப் பிரிப்பதில் ஏறக்குறைய 17 டிபி போய்விடும். 5 கிலோமீட்டர் ஃபைபரில் 2 டிபி, இடைப்பட்ட ஜாயின்ட், கனெக்டர்களில் இன்னொரு 2 டிபி. வீட்டு மோடத்துக்கு வந்து சேர்வது –18 டிபிஎம். மோடம் –27 வரை படிக்கும் என்பதால், புது லைனில் எல்லாம் நன்றாகவே ஓடும். அறுந்த இடத்தை ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கி ஒட்டினால் இழப்பு 0.1 டிபிகூட வராது. மெஷின் இல்லாமல் இரண்டு பக்கமும் ஃபாஸ்ட் கனெக்டர் (கையாலேயே மாட்டும் முனை) மாட்டி, நடுவில் இரண்டையும் இணைக்கும் கப்ளர் போட்டு, டேப் சுற்றிவிட்டுப் போனால் ஒவ்வொரு ஒட்டும் அரை டிபியிலிருந்து 1 டிபிக்கு மேலும் தின்னும். மழைத்தண்ணீரும் தூசியும் உள்ளே போனபின் இன்னும் கூடும். இப்படி நாலைந்து ஒட்டு விழுந்த லைன் –25ஐத் தாண்டிவிடலாம். அதற்கப்புறம் நெட் ஒரேயடியாகப் போகாது. வரும், போகும், மழை நாளில் அடிக்கடி போகும். இந்த மாதிரிப் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் நெட் ஓடிக்கொண்டிருக்கும், புகாரை முடித்துவிட்டுப் போய்விடுவார்.

பிஎஸ்என்எல் பல ஊர்களில் கடைசி மைல் வேலையை, அதாவது வீடுவரை லைன் இழுத்துப் பழுது பார்ப்பதை, உள்ளூர் பங்குதாரரிடம் கொடுத்திருக்கிறது. மாத வசூலில் அவருக்குப் பங்கு. பெரும்பாலும் அவர் ஏற்கெனவே கேபிள் டிவி நடத்தியவர். எந்தக் கம்பத்தில் எந்த லைன் போகிறது என்பது மனப்பாடம். ஸ்ப்ளைசிங் மெஷினும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரும் சொந்தமாக வைத்திருக்கும் பங்குதாரர் என்றால், அறுந்த லைன் அன்றைக்கோ மறுநாளோ ஒழுங்காக ஒட்டப்படும். வாடிக்கையாளர் விட்டுப்போனால் நஷ்டம் அவருக்கே. ஆப்பில் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்கும், “அண்ணே, சிவப்பு லைட் எரியுது” என்று நேராக போன் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பங்குதாரர் சரியில்லை என்றால் பிஎஸ்என்எல்லும் சரியில்லை; அந்தத் தெருவில் வேறு பங்குதாரர் கிடைப்பது அரிது. லைன் அறுந்தால் அவர் ஒட்டிவிடுவார், ஆனால் மேலே எக்ஸ்சேஞ்சிலோ அதற்கு அப்பாலோ கோளாறு என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமா, வாடகையா? ஓஎல்டி எங்கே இருக்கிறது, கரண்ட் போனால் அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? என் வீட்டில் எத்தனை டிபிஎம் வரும்? மூன்றாவதற்கு மீட்டரை 1490 நானோமீட்டரில் (வீட்டுக்கு வரும் வெளிச்சத்தின் அலைநீளம்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். –15 முதல் –22 வரை நல்லது. முதல் நாளே –25 என்றால் கனெக்‌ஷனை ஏற்காதீர்கள். ஸ்ப்ளிட்டர் பெட்டியிலிருந்து மறுபடி பார்த்துத் தரட்டும்.

ஏர்டெல், ஜியோ ஃபைபரில் மேல்மட்டம் பலமானது. பில், ரீசார்ஜ், பிளான் மாற்றம் எல்லாம் ஆப்பில் முடியும். நிறைய வீடுகள் எடுத்திருக்கும் பெருநகரத் தெருக்களில் பழுது பார்க்கும் ஆட்களும் அருகிலேயே இருப்பார்கள். அங்கே என் சாய்வு செல்லாது, பக்கத்து வீட்டில் எது நன்றாக ஓடுகிறதோ அதையே எடுக்கலாம். சின்ன ஊர்களில் விசாரிக்க வேண்டியது, அந்த ஆட்கள் எத்தனை ஊருக்குப் பொது என்பதை. ஜியோவில் அவர்கள் தரும் மோடத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், பிஎஸ்என்எல்லில் சொந்த மோடமும் போடலாம். வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து, ரௌட்டரில் போர்ட் திறந்து (வெளியிலிருந்து நேராக நுழைய வழிவிட்டு) பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜியோவில் ஐபிவி4 (இணைய) முகவரி பலருக்கும் பொதுவானது, போர்ட் திறப்பது நடக்காது. மற்ற கம்பெனிகளில், ரௌட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 10 என்றோ 100.64 முதல் 100.127க்குள்ளோ தொடங்கினால் அங்கேயும் அதே கதைதான். ஆப் வழியாக கிளவுடில் பார்க்கும் கேமராக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சென்னை அடுக்குமாடிகளில் ஃபைபர் கட்டடம் வரை வந்து, அங்கிருந்து லேன் கேபிள் வீட்டுக்கு ஏறும் முறையும் இருக்கிறது. கட்டடத்துச் சுவிட்சுக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்று கேளுங்கள். இடி மின்னலில் செம்புக் கேபிளின் போர்ட் எரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

ஏர்ஃபைபர், அதாவது 5ஜி டவரிலிருந்து ஒயரில்லாமல் வரும் வீட்டு இணையம், ஒயர் அறுபடும் பிரச்சினையையே ஒழித்துவிடுகிறது. ஜியோ இதை 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட 8 நகரங்களில் தொடங்கியது. மொட்டைமாடியில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரௌட்டர், அவ்வளவுதான். ஃபைபர் வராத தோட்டத்து வீட்டுக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் டவரின் திறனைத் தெருவிலுள்ள போன்களோடு பங்குபோடுவதால், இரவு 8 மணிக்கு மேல் வேகம் ஏறி இறங்கும். அப்லோடு குறைவு. மாத அளவு பெரும்பாலும் 1,000 ஜிபி. ஃபைபரில் அது 3,300 ஜிபியை ஒட்டி. மாடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தப் பெட்டி பத்து வருஷம் உழைக்குமா என்று சொல்ல இன்னும் காலம் போதவில்லை.

எதற்கு மாறினாலும், பழைய கனெக்‌ஷனை உடனே வெட்டாதீர்கள். செல்போன் எண்ணைப் போல பிராட்பேண்டை போர்ட் செய்ய முடியாது. கம்பெனி மாறினால் லேண்ட்லைன் எண்ணும் போய்விடும். பிஎஸ்என்எல் செம்புக்கம்பி லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் ஃபைபருக்கு மாறும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்கலாம். புது லைனுக்கு முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். ஆறு மாத, ஒரு வருஷத் தள்ளுபடியெல்லாம் ஒரு மழையைப் பார்த்த பிறகு போதும். இரண்டையும் பத்து நாளாவது சேர்த்து ஓட்டி, இரவு நேரத்தில் லேன் கேபிள் செருகி வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்தால் உங்கள் வீட்டுச் சுவரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் டிவி, கேமரா எதையும் திரும்பச் சேர்க்க வேண்டியதில்லை.

ஆள் வந்து மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பச்சை முனையைப் பச்சை சாக்கெட்டில்தான் செருக வேண்டும், நீலத்தில் செருகினால் வெளிச்சம் பல டிபி குறையும். சுவர் மூலையில் ஒயரை மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். வளைவு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மோடம் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர்) அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

பிறகு பழுது வந்தால் மோடத்தின் விளக்குகளே பாதி சொல்லிவிடும். எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும். எல்ஓஎஸ் அணைந்து பான் (PON) விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் மோடம் ஓஎல்டியில் பதிவாகவில்லை. பான் நிலையாக எரிந்தும் நெட் இல்லை என்றால் பில்லோ லாகினோ காரணமாக இருக்கலாம். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1) ஆர்எக்ஸ் பவர் (RX power, வந்து சேரும் வெளிச்சம்) எண்ணை முதல் நாளே குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஒட்டுக்குப் பின்னும் அதைப் பார்த்து, ஒரேயடியாக 2 டிபிக்கு மேல் குறைந்திருந்தால் ஆள் படியிறங்கும் முன் காட்டி, உருக்கி ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். டெபாசிட் திரும்பி வரும்வரை அந்த ரசீது கையில் இருக்கட்டும்.