பிடிஓவா, பழைய வீடா? முடிவு செய்தது மனைவி பிறந்த வருடம்

2024இல் சிங்கப்பூரில் எங்கள் முன் இரண்டு நாலறை வீடுகள். ஒன்று தெங்காவில் பிடிஓ, அதாவது வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விண்ணப்பித்து, கட்டி முடியும்வரை காத்திருந்து வாங்கும் புது வீடு. இன்னொன்று ஈசூனில், 1985இல் குத்தகை தொடங்கிய மறுவிற்பனை வீடு. வாங்கியது ஈசூன் வீடு, அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பிடிஓ விலை குறைவு, 99 ஆண்டுக் குத்தகையும் முழுசாக இருக்கும், சாவிக்குத்தான் மூன்று நாலு வருடம் காத்திருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை இரண்டுக்கும் உண்டு. சொத்து வரியும் பெரிய விஷயமில்லை. சொந்த வீட்டில் குடியிருந்தால் 2025 முதல் ஆண்டு மதிப்பில் (வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்குக் கிடைக்கக்கூடிய தொகை) முதல் 12,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரி கிடையாது.

மானியத்துக்கு வருவோம். எங்கள் இருவர் மாதச் சம்பளமும் சேர்ந்து 9,000 வெள்ளியைத் தாண்டியதால் பிடிஓவில் சலுகை விலையோடு சரி. ஈசூனில் குடும்ப மானியம் 80,000. அம்மா வீடு 4 கிலோமீட்டருக்குள் இருந்ததால் இன்னொரு 20,000. இது கைக்கு வரும் காசு இல்லை, மசேநிதியில் (மத்திய சேம நிதி, நம் கட்டாயச் சேமிப்புக் கணக்கு) விழுந்து வீட்டு விலைக்குப் போகும். விற்கும்போது 2.5 விழுக்காடு வட்டியோடு நம் மசேநிதிக் கணக்குக்கே திரும்ப வேண்டும்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது மானியம் இல்லை, 95 என்ற எண். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மசேநிதியிலிருந்து எடுக்கும் தொகையும் வீவக கடனும் விகிதப்படி குறையும். கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்: மீதி 60 ஆண்டு, மனைவிக்கு 35 வயது. கூட்டினால் சரியாக 95! பேனாவை வைத்துவிட்டு இன்னொரு கோப்பி சொன்னேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வருடம் போகப் போக வயது ஒன்று கூடும், குத்தகை ஒன்று குறையும், கூட்டுத்தொகை மாறவே மாறாது. அதாவது குத்தகை தொடங்கிய ஆண்டோடு 4ஐ (99இல் 95 போனால் மிச்சம்) கூட்டினால் போதும். எங்கள் வீட்டுக்கு 1989. அந்த வருடமோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்குத்தான் இந்த வீட்டில் முழுத் தொகை கிடைக்கும், இன்றைக்கும் சரி, இருபது வருடம் கழித்தும் சரி. நாளை விற்கப் போனால் வாங்க வரும் இளம் தம்பதிகள் ரொக்கத்தோடு வர வேண்டியிருக்கும். விற்று லாபம் பார்க்க நினைப்பவர் பிடிஓ பக்கம் போவதே நல்லது. நாங்கள் குடியிருக்க வாங்கினோம்.

பராமரிப்பில் பழைய வீடு என்னை ஏமாற்றவில்லை. இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவறை, குழாய் வேலை எல்லாம் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே முடிந்திருந்தது. செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது. புது வீட்டுப் பராமரிப்பு பற்றி நண்பர்கள் சொல்லக் கேட்டதோடு சரி, நான் அங்கே குடியிருந்ததில்லை.

போன மாதம் தம்பி எங்கள் புளோக்கிலேயே ஒரு வீடு பார்த்துவிட்டு ஆசையாக வந்தான். அவன் 1995இல் பிறந்தவன். “1991க்கு முந்தின வீடு உனக்கு வேண்டாம்டா, பிடிஓவுக்கே போடு” என்றேன். அம்மாவுக்குத்தான் கோபம்.