ஏழாம் சுற்றில் தேர்வாவதா, தேர்வாகாமலே போவதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டின் கடைசி அரை மணி நேரத்தில், தன் பெயர் வராமலிருந்தால் நல்லது என்று நினைக்கும் வீரர்களும் உண்டு. காரணம் ஒப்பந்த விதிகள்.

கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கில்லை. 3 சீசன் முடியும்வரை சம்பளத்தைத் திருத்தவும் முடியாது. 2022-இல் கடைசி ஆளாக, 262-வது இடத்தில், சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்த பிராக் பர்டியே இதற்குச் சாட்சி. முன்னால் இருந்த இரு குவாட்டர்பேக்குகளும் (பந்தை வீசி தாக்குதலை நடத்துபவர்கள்) காயமடைந்ததால் அந்த டிசம்பரிலேயே களமிறங்கினார். அடுத்த சீசனில் அணியை சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார். அப்போது அவர் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை! 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் 2025-இல்தான் வந்தது.

தேர்வாகாதவருக்கு 3 ஆண்டு ஒப்பந்தம். 2 சீசனிலேயே திருத்தலாம். அதைவிடப் பெரிது, அழைக்கும் அணிகளில் தனக்குப் பொருந்துவதை அவரே தேர்ந்தெடுக்கலாம். 2003-இல் டோனி ரோமோ, டென்வர் கூடுதல் பணம் தர முன்வந்தும் டல்லாஸுக்குப் போனார். அங்கே குவாட்டர்பேக் இடம் உறுதியாக யாரிடமும் இல்லை. அவர் படித்த கல்லூரியிலேயே ஆடிய ஷான் பேட்டன் பயிற்சியாளர் குழுவில் இருந்தார். ரோமோ 2006-இல் முதன்மை ஆட்டக்காரரானார்.

குவாட்டர்பேக்குக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே, அதாவது தேர்வாகாமல் போவதற்கே. ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதால், முன்னால் யார் நிற்கிறார் என்பதே எல்லாம். ஒரு டிராஃப்ட் தேர்வைச் செலவழித்த அணி சற்றுப் பொறுமை காட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆகஸ்ட் இறுதியில் பட்டியலை 53 பேராகச் சுருக்கும்போது ஏழாம் சுற்றுக்காரரையும் தயங்காமல் வெட்டுவார்கள்.