அமெரிக்க வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் கவுன்சில்: 24 நாற்காலியில் ஊர்க்காரருக்கு எத்தனை?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புப் பாலம். அதை இடித்துவிட்டுப் புதுசு கட்ட ஃபெடரல் அரசுப் பணம் வந்ததால் 106-ஆம் பிரிவு ஆய்வு (அந்த வேலை பழைய சின்னங்களைப் பாதிக்குமா என்று சட்டப்படி பார்ப்பது) நடந்தது, நானும் அதில் ஒரு தரப்பாகச் சேர்ந்து முதல் கூட்டத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை உட்கார்ந்திருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் உருவாக்கிய அமைப்புதான் இந்தக் கவுன்சில். அதற்கு மூன்று வருஷம் முன்னால் நியூயார்க்கில் பென்சில்வேனியா ஸ்டேஷனை இடிக்க ஆரம்பித்தபோது எழுந்த கோபமும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உண்டு. ஃபெடரல் பணமோ அனுமதியோ உள்ள வேலை பழைய சின்னங்களைப் பாதிக்குமா என்று துறைகள் பார்க்க வேண்டும், கவுன்சிலுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். கருத்து மட்டும்தான், தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. பேச்சு ஒன்றுதான் கையில் இருக்கும்போது, அந்தப் பேச்சைப் பேசுவது யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அங்கேதான் எனக்குக் குறை. ஆரம்பத்தில் 17 பேர், அதில் 10 பேர் அரசுக்கு வெளியிலிருந்து ஜனாதிபதி நியமித்தவர்கள். 1976-இல் 29 ஆக வளர்ந்து, 1980-இல் 19 ஆகச் சுருங்கியது. 1992-இல் பூர்வகுடி அல்லது ஹவாய் பூர்வீக மக்கள் சார்பில் ஒருவர் வந்தார், மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம். தங்கள் முன்னோர் புதைந்த நிலத்தைப் பற்றி வேறு யாரோ பேசிக்கொண்டிருந்த காலத்துக்கு அது ஒரு பதில். 2016 சட்டத்தில் பூர்வகுடிகளின் வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரிகள் சங்கத்தின் தலைவருக்கும் இடம் கிடைத்தது, கவுன்சில் தலைவர் பதவியும் முழுநேரம் ஆனது. இரண்டுமே ரொம்ப முன்னாலேயே நடந்திருக்க வேண்டியவை.

ஆனால் நடுவில் 2006-இல் என்ன செய்தார்கள்? நான்காக இருந்த மற்ற ஃபெடரல் துறைகளின் இடத்தை ஏழு ஆக்கினார்கள். உள்துறைச் செயலர், வேளாண்துறைச் செயலர், கேபிடலின் (நாடாளுமன்றக் கட்டடம்) கட்டடக் கலைஞர் என்று ஏற்கெனவே இருக்கிறவர்களையும் சேர்த்தால் இன்று 24 பேரில் 10 பேர் ஃபெடரல் ஆட்கள். சாலை போடுகிற, நிலம் வைத்திருக்கிற துறைகளும் ஆலோசனை சொல்லும் மேசையிலேயே உட்காரலாம். உள்ளே இருந்தால்தான் பொறுப்பு வரும் என்கிறார்கள், அதில் ஞாயம் இல்லாமல் இல்லை. சரி, ஆனால் பொதுமக்கள் என்ற பெயரில் மூன்று இடம் அப்போதும் கூடவில்லை, இன்றும் அதே மூன்றுதான்! ஒரு ஆளுநர், ஒரு மேயர், நான்கு நிபுணர்கள் இருக்கிறார்கள், நல்லது. ஒரு பாலத்துக்காக மூன்று வருஷம் அலைந்த சாதாரண ஊர்க்காரருக்கு இன்னும் இரண்டு நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும்?

நியமன விதிகள் எனக்குப் பிடித்தவை. நான்கு வருஷப் பதவிக்காலம், இரண்டு முறைக்கு மேல் கிடையாது, காலியான இடத்தை 60 நாளில் நிரப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சேவை எப்படி என்று கேட்டால், கவுன்சில் ஊழியர்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள், பொதுமக்களுக்கான இலவச வழிகாட்டியும் எளிமையாக இருக்கிறது. எங்களை இழுத்தடித்தது வேலையை நடத்திய துறைதான், மூன்று முறை கேட்ட பிறகுதான் வரைபடத்தையே கொடுத்தார்கள். அப்புறம் ஒன்று: பாதிப்பு உண்டு என்று துறை கவுன்சிலுக்குத் தெரிவித்தபின், பேச்சில் கலந்துகொள்வதா என்று முடிவு செய்ய கவுன்சிலுக்கு 15 நாள்தான். அதற்குள் உங்கள் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் 12-ஆம் நாள் அனுப்பினோம்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த இரண்டு நாற்காலியைப் போட்டால் நாலரை தருவேன்.