மாஸ்டா 13பி ரோட்டரியா, லைக்கமிங் ஓ-320யா?

சொந்தமாக விமானம் கட்டும் கோலாலம்பூர் நண்பர்கள் இந்த இரண்டு எஞ்சின்களுக்கும் இடையே தடுமாறுகிறார்கள். 13பி கார் எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது. ஓ-320 விமானத்துக்கென்றே செய்த பிஸ்டன் எஞ்சின்.

விலை: 13பி நம் ஊர் ஹாஃப்-கட் (பழைய கார் பாகங்கள் விற்கும்) கடைகளில் தேடினால் அகப்படும், ஆனால் அது நிமிடத்திற்கு 6,000 சுற்றை நெருங்கும்போதுதான் முழுத்திறன் தருவதால், புரொப்பெல்லருக்காக வேகத்தைக் குறைக்கும் கியர்பெட்டியும் ரேடியேட்டரும் மிச்சப்பட்ட பணத்தை விழுங்கிவிடும். லைக்கமிங் விலை கூடியது. எனினும் 2,700 சுற்றில் புரொப்பெல்லரை நேரடியாகவே சுழற்றும்.

உழைப்பு: 13பியில் தேய வால்வுகளே இல்லை, ஆனால் ரோட்டர் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் என்ற பட்டை, பிந்தைய மாடல்களில், வெறும் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அதிக வெப்பத்தை அது பொறுக்காது. லைக்கமிங்கைப் பொதுவாக 2,000 மணி நேரத்திற்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்கச் சொல்கிறார்கள்.

வெப்பம்: ரோட்டரியின் புகை கொதிக்கும், சாதாரண சைலன்சர் தாங்காது, நம் 33 பாகை வெயிலில், தரையில் காத்திருக்கும்போதே தண்ணீர்ச் சூடு ஏறும். லைக்கமிங்கைக் குளிர்விக்கக் காற்றே போதும்.

எரிபொருள்: ரோட்டரி சற்று அதிகம் குடிக்கும்.

பட்டறையில் கைவேலை பார்ப்பதே இன்பம் என்பவருக்கு 13பி. சீக்கிரம் பறக்க வேண்டும் என்பவருக்கு லைக்கமிங்.