ஆறு வருட ஜியோஜீப்ரா, ஒரு விஜிஏ போர்ட்

பக்கத்து ஊர்ப் பள்ளியின் கணக்கு டீச்சர் நேற்று போனில், "சார், நீங்கள் ஆறு வருஷமாக ஜியோஜீப்ராவில்தானே வரைபடம் நடத்துகிறீர்கள், நாங்களும் ஒரு புரொஜெக்டர் வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் கேபிளால் இணைக்கும் விஜிஏ போர்ட்டுக்கு மூன்றாவது தடவையாகச் சால்டர் வைத்துக்கொண்டு அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தேன்.

வரைபடம் போடும் மென்பொருளான ஜியோஜீப்ராவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இலவசம். என் 2 ஜிபி ராம் லேப்டாப்பில் அதன் கிளாசிக் 6 பதிப்பு மூச்சு வாங்கியது, பழைய கிளாசிக் 5 இன்றுவரை நெட் இல்லாமலே ஓடுகிறது. பாடப்புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பக்கத்திலும் ஜியோஜீப்ராதான், ஆனால் அந்த க்யூஆர் கோடுக்கு எங்கள் வகுப்பறையில் சிக்னல் கிடைக்காது, அதனால் நானே செய்துகொள்வேன். ஏ எக்ஸ் ஸ்கொயருக்கு ஒரு ஸ்லைடர், அதை இழுத்தால் ஏ-யின் மதிப்பு மாறும். ஏ குறையக் குறையப் பரவளையம் வாயைப் பிளந்துகொண்டே போய், பூஜ்ஜியத்தில் எக்ஸ் அச்சின் மேல் தட்டையாகப் படுத்துவிடும், அதைத் தாண்டினால் தலைகீழ். "இதுக்குத்தான் ஏ பூஜ்ஜியம் ஆகக்கூடாதுன்னு புக்ல போட்டிருக்கா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கரும்பலகையில் பதினைந்து வருஷம் எழுதியும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

அப்புறம் அந்த போர்ட். கேபிள் லேசாக அசைந்தால் போதும், பச்சை நிறத்துக்கான ஊசி (பின்) விட்டுப்போய் வெள்ளைத் திரை முழுக்க ரோஸ் கலர். நான் வளைவுகளுக்குப் பச்சை வைப்பவன். பச்சை போனதும் வளைவு கறுப்பாகி, அச்சுக்கோடு எது பரவளையம் எது என்று எனக்கே தெரியாது. கேபிள் மாற்றியாச்சு, தீக்குச்சி செருகியாச்சு, ரப்பர் பேண்டும் கட்டியாச்சு. ஒரு பையன் பாடம் முழுக்கக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நிற்பான், பாவம், அவன் பக்கவாட்டிலிருந்துதான் திரையைப் பார்ப்பான்.

இவ்வளவுக்கும் பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைபடத்தைப் பிள்ளைகள் கிராஃப் தாளில், கையால், அளவுத்திட்டம் எழுதித்தான் போட வேண்டும். ஸ்லைடர் அங்கே வந்து உதவாது.

டீச்சரிடம், புரொஜெக்டர் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து எல்லா வளைவுகளையும் நீலத்துக்கு மாற்றினேன். ரோஸ் திரையிலும் நீலம் நீலமாகவே தெரிகிறது, இந்தப் புத்தி ஆறு வருஷம் எங்கே போயிருந்ததோ. நாளை முதல் பீரியட் பத்தாம் வகுப்பு பி பிரிவு.