ஐந்து வருஷ மூடுல்: மிஞ்சியது கேள்வி வங்கி

2020 ஊரடங்கில் எங்கள் பள்ளிக்காக, இணையவழியில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருளை நிறுவினேன். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, பெரும்பாலும் தமிழ் வழி. நான் கணினி ஆசிரியர். கட்டற்ற மென்பொருள், உரிமத்துக்குக் காசு கிடையாது, ஹோஸ்டிங் (அதை ஓட்டும் சர்வர் இடம்) வாடகை மட்டும்தான் செலவு என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

முதல் தலைவலி பெயர். மூடுல் 2002-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி வெளியிட்டது. அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர் கட்டாயம். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போட்டோம். பட்டியலைக் குடும்பப் பெயர் வரிசையில் பார்த்தால், ‘எம்’ இனிஷியல்காரர்கள் எல்லாம் ஒரே கும்பலாக வந்தார்கள். பயனர் பெயராக எமிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு மாணவருக்கும் அரசு தரும் அடையாள எண்ணைக் கொடுத்த பிறகுதான் யார் யாரென்று பிடிபட்டது. மின்னஞ்சலும் கட்டாயம். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் அதெல்லாம் இல்லை என்பதால் ஒப்புக்கு ஒரு முகவரி உண்டாக்கினோம். விளைவு, ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்ற வசதி யாருக்கும் பயன்படாது. மறந்தவர்கள் நேரே என் மேசைக்கு வருவார்கள்.

அடுத்தது எழுத்துரு. தமிழையாவிடம் பத்து வருஷக் கேள்வித்தாள்கள் இருந்தன, அத்தனையும் பழைய வானவில் எழுத்துருவில். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, மூடுல் ஏற்கும் கிஃப்ட் என்ற வடிவத்தில் சாதாரண உரைக்கோப்பாக எழுதினோம்:

‘வாழ்க’ – இலக்கணக் குறிப்பு தருக. {~வியங்கோள் வினைமுற்று =ஏவல் வினைமுற்று ~வினையெச்சம் ~பெயரெச்சம்}

சரியான விடைக்கு முன் சமக்குறி, மற்றவற்றுக்கு அலைக்குறி. அவ்வளவுதான் இலக்கணம். நாற்பது கேள்விகளை ஒரே ஏற்றத்தில் உள்ளே தள்ளலாம். கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்க மறந்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறி ஆகிவிடும். கேள்வித்தாள்தானே, பொருத்தம்தான்.

குறுவிடைக் கேள்விகளைச் சீக்கிரமே கைவிட்டோம். ‘ஒளிச்சேர்க்கை’ என்று விடை வைத்தால், ‘ஒளி சேர்க்கை’ என்று எழுதிய பெண்ணுக்குப் பூஜ்யம். மாற்று விடைகளையும் கொடுத்து வைக்கலாம், அதற்குப் பாதி மார்க்கும் போடலாம். ஆனால் ஒற்றுப்பிழைகளின் எண்ணிக்கையை யார் முன்கூட்டி யோசிப்பது?

காலை பத்து மணிக்குத் தேர்வு வைத்து, எல்லோரும் ஒரே நிமிடத்தில் நுழைய, சர்வர் படுத்ததும் உண்டு. பிறகு மாலை 6 முதல் 9 வரை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று மாற்றினோம். எப்படியும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் வீட்டில் போன்.

பெரிய தவறு என்னுடையது. 2022-ல் ஹோஸ்டிங் மாற்றியபோது தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தேன். மூடுலில் கேள்வியின் உரை தரவுத்தளத்தில் இருக்கும். படங்கள் மூடுல்டேட்டா என்ற தனிக் கோப்புறையில் இருக்கும். அது போயிற்று. உயிரியல் ஆசிரியர் ஸ்கேன் செய்து போட்ட இதயம், நெஃப்ரான், எல்லாவற்றின் இடத்திலும் உடைந்த பட அடையாளம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஸ்கேன் செய்தார். அதே வருஷம் 4.0 பதிப்புக்கு மாறியதும் திரை முழுக்கப் புதிதாகத் தெரிந்தது. மூன்று ஆசிரியர்கள் அதோடு திரும்பி வரவில்லை.

இன்று வீட்டுப்பாடம், குறிப்பு எல்லாம் வாட்ஸ்அப்பில் போகின்றன. மூடுலின் கலந்துரையாடல் பகுதியில் கடைசிப் பதிவு 2021-ல். ஹோஸ்டிங்கையும் விட்டுவிட்டு, ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் நிறுவியிருக்கிறேன். இணையம் வேண்டாம், உள் வலையமைப்பே போதும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டும் ஓடுகின்றன. சேர்த்து வைத்த கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கு இருபது தற்செயலாக எடுத்துக் கொடுக்கும் என்பதால் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்துப் பயனில்லை. இந்த ஒன்றுக்காகவே இதை வைத்திருக்கிறேன்.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை சதவீதம் பேர் சரியாகப் போட்டார்கள் என்று காட்டும். ஒருமுறை ஒரு கேள்வியில் வகுப்பே தோற்றிருந்தது. இரண்டே பேருக்கு மார்க். மேலே காட்டியிருக்கும் ‘வாழ்க’தான் அது, நான் ஏற்றியபடியே கொடுத்திருக்கிறேன். தமிழ் ஒழுங்காகப் படித்தவர்கள் அப்போதே பிடித்திருப்பீர்கள். வியங்கோளுக்கு முன் வரவேண்டிய சமக்குறியை ஏவலுக்கு முன் போட்டவன் நான். விடையைத் திருத்தி மறுமதிப்பீடு பொத்தானை அழுத்தினேன். வகுப்பு முழுக்க மார்க் ஏறியது. குறைந்தது அந்த இரண்டு பேருக்கு மட்டும். அவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள்.